வீட்டில் படம் பார்க்க எந்த வாடகை கட்டுபடியாகும்? கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை

வீட்டிலிருந்தபடியே திரைப்படம் பார்ப்பதற்கு மாதந்தோறும் எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால் உடனே சரியான விடை சொல்லக்கூடிய குடும்பங்கள் குறைவு. பணம் ஒரே இடத்திலிருந்து ஒரே நாளில் போவதில்லை என்பதே அதற்குக் காரணம். கைப்பேசி ரீசார்ஜில் ஒரு பகுதி, பிராட்பேண்ட் கட்டணத்தில் ஒரு பகுதி, கேபிள் அல்லது டிடிஎச் கட்டணத்தில் ஒரு பகுதி, யுபிஐ வழியாகத் தானாகக் கழியும் சந்தாக்களில் ஒரு பகுதி என்று அது பல வழிகளில் கரைகிறது. எந்தச் சேவையின் சந்தா குறைவு என்று ஒப்பிட்டுப் பார்ப்பதால் மட்டும் இந்தச் செலவு குறைந்துவிடாது. நாம் உண்மையில் பார்த்து முடிக்கும் ஒரு படத்துக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைக் கண்டுபிடித்தால்தான் எது மலிவு, எது வீண் என்பது தெரியும். இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில் உள்ள வீடுகளை மனத்தில் கொண்டு இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது. வெளிநாட்டில் இருப்போருக்கான குறிப்பு ஒரு தனிப் பத்தியில் உள்ளது.

இரண்டே வகை வாடகை

இன்று கிடைக்கும் வழிகள் பலவாகத் தோன்றினாலும் அடிப்படையில் அவை இரண்டுதான். ஒரு படத்துக்கு மட்டும் பணம் கட்டி, குறித்த நேரத்துக்குள் பார்த்து முடிப்பது ஒன்று. ஒரு மாதத்துக்கோ ஓர் ஆண்டுக்கோ பணம் கட்டி, அந்தக் காலத்தில் அந்தச் சேவையில் இருப்பதையெல்லாம் பார்ப்பது மற்றொன்று. இரண்டாவதைச் சந்தா என்று அழைத்தாலும் அதுவும் வாடகைதான். பணம் கட்டுவது நின்றால் படமும் நின்றுவிடும்.

இவ்விரண்டும் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. 1980களில் டிவியையும், வீடியோ கேசட் ஓட்டும் டெக்கையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்தவர்கள், எத்தனை படம் போட்டாலும் வாடகை ஒன்றுதான் என்பதால், விடிவதற்குள் மூன்று நான்கு படங்களைப் பார்த்து முடித்தார்கள். அக்கம்பக்கத்தாரும் அந்த வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மாதச் சந்தாவின் கணக்கு அதுவே. பின்னர் சொந்தமாக டெக் வாங்கியவர்கள், வீடியோ கடையில் முன்பணம் கட்டி உறுப்பினராகி, ஒரு கேசட்டுக்கு ஒரு நாள் வாடகை என்று கொடுத்தார்கள். தனிப்பட வாடகையின் கணக்கு அது. புதுப் படத்தை நேராக வீட்டுக்குக் கொண்டுவரும் முயற்சிகளும் இங்கே நடந்தன. 2013இல் கமல்ஹாசன் தம் படத்தை டிடிஎச் வழியாக 1000 ரூபாய் கட்டணத்தில் முதலில் வெளியிடத் திட்டமிட்டார். திரையரங்கு உரிமையாளர்கள் எதிர்த்ததால் அது திட்டமிட்டபடி நடக்கவில்லை. 2015இல் இயக்குநர் சேரன் தம் புதிய படத்தின் டிவிடியை 50 ரூபாய்க்கு வீடு தேடி அனுப்பும் ‘சினிமா டு ஹோம்’ திட்டத்தைத் தொடங்கினார். இவற்றில் முதல் விலை, பத்துப் பேர் கூடிப் பார்த்தால் ஆளுக்கு 100 ரூபாய். தனியாகப் பார்த்தால் பெரும் செலவு. தலைக்கு எவ்வளவு, படத்துக்கு எவ்வளவு என்ற இந்த இரு வகுத்தல்களையும் எந்த வாடகையைப் பார்த்தாலும் போட்டுப் பார்ப்பது நல்லது.

முதலில் உங்கள் எண்ணிக்கை

கடந்த மூன்று மாதங்களில் உங்கள் வீட்டில் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்கப்பட்ட படங்களை ஒரு தாளில் எழுதுங்கள். நினைவை மட்டும் நம்ப வேண்டாம். சேவைகள் பலவற்றில் பார்த்தவற்றின் வரலாறு தேதியோடு இருக்கும். அதைத் திறந்து பார்த்தால், அரை மணி நேரம் ஓடவிட்டுக் கைவிட்ட படங்கள் எத்தனை என்பதும் தெரிந்துவிடும். கைவிட்டவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மிஞ்சியதை மூன்றால் வகுத்தால் கிடைப்பதுதான் உங்கள் மாத எண்ணிக்கை. பெரும்பாலும் அது நாம் நினைத்திருந்ததைவிடச் சிறியதாகவே இருக்கும்.

இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. வீட்டில் ஒருவர் வெப் சீரிஸ் பார்க்கிறார், இன்னொருவர் கிரிக்கெட் பார்க்கிறார் என்றால் அந்தச் சந்தா அவர்களுக்காகவே ஏற்கெனவே கட்டப்படுகிறது. அதில் வரும் படம் உங்களுக்குக் கூடுதல் செலவின்றிக் கிடைக்கிறது. படத்துக்காக மட்டும் வைத்திருக்கும் சந்தா எது, மற்றவற்றுக்காக எப்படியும் இருக்கப்போகும் சந்தா எது என்று முதலிலேயே பிரித்துவிட்டால், பின்னால் போடும் கணக்கு தெளிவாக இருக்கும்.

அடுத்து, வரும் இரண்டு மாதங்களில் பார்க்க விரும்பும் படங்களின் பட்டியலையும் எழுதுங்கள். சந்தாவைக் கட்டிவிட்டு அதில் என்ன இருக்கிறது என்று தேடுவது நம்மில் பலரின் வழக்கம். செலவு கூடுவதற்கும் அதுதான் வழி. பட்டியல் கையில் இருந்தால் எந்தச் சேவைக்கு எந்த மாதம் பணம் கட்ட வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

ஏற்கெனவே கட்டிய பணத்துக்குள் தேடுதல்

ஒரு படம் எங்கே கிடைக்கிறது என்று ஒவ்வொரு செயலியாகத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. ஜஸ்ட்வாட்ச் என்ற தளத்தில் நாட்டை இந்தியா என்று தேர்ந்தெடுத்துப் படத்தின் பெயரைத் தட்டினால், அது எந்தச் சந்தாவுக்குள் இருக்கிறது, எங்கே வாடகைக்குக் கிடைக்கிறது, வாடகை எவ்வளவு என்ற விவரங்கள் ஒரே பக்கத்தில் வரும். கூகுள் தேடலிலும் பல படங்களுக்கு இதே விவரம் கிடைக்கிறது. ஆனால் தமிழ்ப் படங்களைப் பொறுத்தவரை இத்தகைய தளங்களில் சில சேவைகள் விடுபட்டுப் போகலாம் என்பதால், சன் நெக்ஸ்ட், ஆஹா தமிழ், ஜீ5 ஆகியவற்றின் தளங்களில் நேரடியாகவும் ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது.

பிறகு உங்கள் ரீசார்ஜ் திட்டத்தைப் பாருங்கள். ஜியோ, ஏர்டெல் போன்ற நிறுவனங்களின் பல திட்டங்களில் ஏதாவதொரு ஓடிடி சேவை சேர்ந்தே வருகிறது. சில திட்டங்களில் அது தானாக இயங்கத் தொடங்காது. நிறுவனத்தின் செயலிக்குள் போய், சலுகைப் பகுதியில் நாமே இயக்கிக்கொள்ள வேண்டும். ரீசார்ஜோடு வந்த சலுகையை இயக்காமல் விட்டுவிட்டு, அதே சேவைக்குத் தனியாகவும் பணம் கட்டும் வீடுகள் உண்டு. பிராட்பேண்ட் இணைப்புக்கும் இது பொருந்தும். ஆனால் ரீசார்ஜோடு வரும் சந்தா பல நேரங்களில் கைப்பேசிக்கு மட்டுமானதாக இருக்கும், டிவியில் ஓடாது. குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பதுதான் உங்கள் வழக்கம் என்றால் அதற்கு அவ்வளவு மதிப்பில்லை.

பணமே கட்டாமல், சட்டத்துக்கு உட்பட்டுப் பார்க்கும் வழிகளும் உள்ளன. உரிமை பெற்ற நிறுவனங்கள் தம் பழைய தமிழ்ப் படங்களை முழுமையாகவே யூடியூபில் ஏற்றியிருக்கின்றன. 1950கள் முதல் 1990கள் வரையிலான படங்களைத் தேடுபவர்கள் முதலில் அங்கே பார்ப்பது சரி. அரசு ஒலிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதி 2024 நவம்பரில் கோவா திரைப்பட விழாவில் தொடங்கிவைத்த வேவ்ஸ் செயலியிலும் பழைய படங்களையும் தொடர்களையும் பார்க்கலாம். டிடி ஃப்ரீ டிஷ் வைத்திருப்பவர்களுக்கு மாதக் கட்டணமே இல்லை. டெலிகிராமில் வரும் திருட்டுப் பிரதிகளை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அவை சட்டப்படிக் குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அத்தகைய இணைப்புகளைத் தொட்டுக் கைப்பேசியில் தீய நிரல்களை வரவழைத்துக்கொண்டால் வங்கிக் கணக்குக்கே ஆபத்து.

காத்திருப்பவருக்கு விலை குறையும்

ஒரு படத்தின் விலை நாளாக ஆகக் குறைந்துகொண்டே வருகிறது. திரையரங்கில் மிக அதிகம். அடுத்தது வெளியான புதிதில் வரும் முன்கூட்டிய வாடகை. அதன் பின் சந்தாவுக்குள் கூடுதல் செலவின்றி. கடைசியில் தொலைக்காட்சியில் பண்டிகை நாள் சிறப்புப் படமாக. தமிழ்ப் படங்கள் பொதுவாகத் திரையரங்கில் வெளியான நான்கு வாரங்களில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. இந்திப் படங்களுக்கு மல்டிபிளெக்ஸ்கள் எட்டு வார இடைவெளி கேட்கின்றன. பெரிய தமிழ்ப் படங்கள் சிலவற்றின் இந்திப் பதிப்புக்கு வடக்கே மல்டிபிளெக்ஸ் கிடைக்காமல் போவதற்கு இந்த வேறுபாடே காரணம். ஆகவே, தமிழ்ப் படத்தைப் பார்க்க விரும்புபவர் ஒரு மாதம் பொறுத்தால் போதும். இந்திப் படத்துக்கு இரண்டு மாதங்கள் பொறுக்க வேண்டியிருக்கும்.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. சில படங்கள் முதலில் வாடகைக்கு மட்டும் வந்து, சில வாரங்கள் கழித்து அதே செயலியில் சந்தாதாரர்களுக்குத் தனிக் கட்டணமின்றித் திறந்துவிடப்படுகின்றன. ஏற்கெனவே சந்தா வைத்திருப்பவர் அந்த வாடகையைக் கட்டினால் அவர் வாங்குவது படத்தை அல்ல. சில வார அவசரத்தை மட்டுமே. விருந்தினர் வந்திருக்கிறார்கள், குடும்பமே அந்தப் படத்துக்காகக் காத்திருந்தது என்றால் கொடுக்கலாம். மற்றபடி காத்திருப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

ஒரு படத்துக்கு மட்டும் வாடகை

மாதம் ஒன்றிரண்டு படங்கள் மட்டும் பார்க்கும் வீட்டுக்குத் தனிப்பட வாடகையே பெரும்பாலும் மலிவானது. ஆனால் இந்த வழியை நம்மவர்கள் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள். சந்தா கட்டியவருக்குப் படம் இலவசம் என்ற எண்ணம் ஊறிப்போயிருப்பதால், ஒரே படத்துக்கு 100 ரூபாய் என்றதும் கை தயங்குகிறது. யாரும் பார்க்காத சந்தாவுக்கு மாதம் 300 ரூபாய் தானாகப் போவது கண்ணில் படுவதில்லை.

யூடியூப், பிரைம் வீடியோ, ஆப்பிள் டிவி ஆகியவை இந்தியாவில் வாடகைக்குப் படம் தருகின்றன. பிரைம் வீடியோவின் வாடகைக் கடை இந்தியாவில் 2022 ஏப்ரலில் தொடங்கியது. அப்போது வாடகை 69 ரூபாய் முதல் 499 ரூபாய் வரை இருந்தது. இதற்குப் பிரைம் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. அமேசான் கணக்கு இருந்தால் போதும். மறுபக்கம், பிரைம் உறுப்பினர் என்பதற்காக இந்தக் கடையில் உள்ள படங்கள் சும்மாவும் கிடைக்காது. யூடியூப் பிரீமியம் கட்டுபவர்களுக்கும் இதுவே நிலை: பிரீமியம் விளம்பரங்களை நீக்குமே தவிர, யூடியூபில் வாடகைக்கு வைத்திருக்கும் படங்களைத் திறந்துவிடாது.

விதிகள் எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே உள்ளன. பணம் கட்டிய நாளிலிருந்து 30 நாள்களுக்குள் பார்க்கத் தொடங்க வேண்டும். தொடங்கியபின் பொதுவாக 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இந்த 48 மணி நேரத்தை நன்றாகப் பயன்படுத்தலாம். வெள்ளி இரவு எட்டு மணிக்கு ஒருவர் தொடங்கினால் ஞாயிறு இரவு எட்டு மணி வரை படம் திறந்தே இருக்கும். இரவுப் பணிக்குப் போனவர் சனிக்கிழமை பகலிலும், தாத்தா பாட்டி ஞாயிறு மதியத்திலும் அதே வாடகையில் பார்த்துவிடலாம். மாறாக, ‘சும்மா ஓடுகிறதா என்று பார்ப்போம்’ என்று வேலை நாளின் இரவில் தொட்டுவிட்டால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். பார்க்கும் நாள் உறுதியான பிறகே ஓடவிடுங்கள்.

விலையை ஒப்பிடும்போது சேவைக்குச் சேவை மட்டுமன்றிக் கருவிக்குக் கருவியும் ஒப்பிட வேண்டும். ஆமிர் கான் தம் ‘சிதாரே ஜமீன் பர்’ படத்தைச் சந்தாச் சேவை எதற்கும் கொடுக்காமல் 2025 ஆகஸ்டு 1 முதல் யூடியூபில் 100 ரூபாய் வாடகைக்கு விட்டார். அதே படம் ஆப்பிள் கருவிகளில் 179 ரூபாய் என்று காட்டியது. படத் தயாரிப்பு நிறுவனம் அதற்கு வருத்தம் தெரிவித்தது. ஐபோன் வைத்திருப்பவர்கள் செயலிக்குள் பணம் கட்டுவதற்கு முன், அதே கணக்கில் உலாவி வழியாக நுழைந்து விலையைப் பார்ப்பது எப்போதும் நல்லது. ஒரு கருவியில் கட்டிய வாடகை, அதே கணக்கில் நுழைந்த மற்றக் கருவிகளிலும் செல்லும்.

படத்தின் தரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் பணம் மிஞ்சும். எஸ்டி, எச்டி, 4கே என்று வெவ்வேறு விலை போட்டிருந்தால், உங்கள் திரை எதைக் காட்டும் என்பதைப் பாருங்கள். கைப்பேசியில் பார்ப்பவருக்கு எஸ்டி போதும். கணினியில் யூடியூப் வாடகைப் படத்தைப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: எச்டிக்குப் பணம் கட்டியிருந்தாலும் சில உலாவிகள் அதைக் குறைந்த தரத்திலேயே ஓட்டும். டிவியில் பார்ப்பது உறுதியானால் மட்டும் கூடுதல் விலை கொடுங்கள்.

மொழியைச் சரிபார்க்காமல் பணம் கட்டுவது அடிக்கடி நேரும் தவறு. ஒரே படத்தின் தமிழ், தெலுங்கு, இந்திப் பதிப்புகள் சில கடைகளில் தனித்தனிப் படங்களாகவே வைக்கப்பட்டிருக்கும். ஒன்றுக்குக் கட்டிய வாடகை மற்றொன்றுக்குச் செல்லாது. விவரப் பக்கத்தில் ஒலியின் மொழி, துணையுரையின் (சப்டைட்டில்) மொழி இரண்டையும் படித்துவிட்டு மேலே செல்லுங்கள்.

வாடகைக்கு எடுக்கவா, விலைக்கு வாங்கவா என்ற கேள்வி குழந்தைகள் உள்ள வீட்டில்தான் எழும். ஒரே அனிமேஷன் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் வயதுக் குழந்தை இருந்தால், மூன்று முறை வாடகை கட்டுவதைவிட வாங்குவது இலாபமாக இருக்கலாம். வேறு யாருக்கும் வாங்குவதைப் பரிந்துரைக்க மாட்டேன். வாடகைக்கு எடுத்தாலும் வாங்கினாலும் அந்த உரிமை வீட்டுக்குள் பார்ப்பதற்கு மட்டுமே உரியது. அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அரங்கில் திரையிடவோ சுற்றுலாப் பேருந்தில் போடவோ அது செல்லாது.

சந்தாவையும் வாடகையாகவே நடத்துதல்

மாதம் மூன்று படங்களோ அதற்கு மேலோ பார்ப்பவருக்குச் சந்தா கட்டுபடியாகும். தனிப்பட வாடகை 120 ரூபாய், மாதச் சந்தா 299 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டு படங்களுக்கு வாடகை 240 ரூபாய். மூன்றாவது படத்தில் அது 360 ரூபாயாகிச் சந்தாவைத் தாண்டிவிடுகிறது. அந்த மூன்று படங்களும் ஒரே சேவையில் இருந்தால்தான் இந்தக் கணக்குச் செல்லும். பட்டியலை முதலிலேயே எழுதச் சொன்னது இதற்காகவே. ஒரு சேவையில் நீங்கள் விரும்பும் படங்கள் நான்கு ஐந்து சேரும்வரை காத்திருந்து, ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டி, அனைத்தையும் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் வேறு சேவைக்குப் போவதே சந்தாவை மலிவாக்கும் முறை. ஒரே நேரத்தில் நான்கு சேவைகளுக்குப் பணம் கட்டினாலும் ஒரு மாலையில் பார்க்க முடிவது ஒரு படம்தான்.

ஆண்டுச் சந்தா மலிவு என்ற விளம்பரத்தையும் கணக்குப் போட்டே ஏற்க வேண்டும். அமேசான் பிரைமின் மாதக் கட்டணம் 299 ரூபாய், ஆண்டுக் கட்டணம் 1499 ரூபாய் என்ற விலையில், ஐந்து தனி மாதங்களுக்குக் கட்டினால் 1495 ரூபாய் ஆகிறது. அதாவது, ஆண்டில் ஐந்து மாதங்களுக்கு மேல் பயன்படுத்துபவருக்கே ஆண்டுச் சந்தா இலாபம். மூன்று மாதங்கள் மட்டும் பார்ப்பவர் 897 ரூபாயில் முடித்துவிடலாம். பொருள்களை விரைவாக வரவழைப்பதற்காகப் பிரைம் வைத்திருப்பவர்களுக்கு இக்கணக்கு பொருந்தாது. 2025 ஜூன் 17 முதல் இந்தியாவில் பிரைம் வீடியோவில் விளம்பரங்கள் வருகின்றன. அவற்றை நீக்க மாதம் 129 ரூபாயோ ஆண்டுக்கு 699 ரூபாயோ கூடுதலாகக் கேட்கிறார்கள். மாதம் இரண்டு படம் பார்ப்பதற்காக அந்தத் தொகையைக் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஜியோசினிமாவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் இணைந்து 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோஹாட்ஸ்டார் ஆனபோது அறிவித்த ‘சூப்பர்’ திட்டம் மூன்று மாதங்களுக்கு 299 ரூபாய், ஆண்டுக்கு 899 ரூபாய் என்று இருந்தது. அந்த விலையில் மூன்று காலாண்டுகளுக்குக் கட்டினால் 897 ரூபாய்; நான்காவது காலாண்டும் தேவைப்படுபவருக்கே ஆண்டுத் திட்டம் பயன்தரும். ஐபிஎல் நடக்கும் மாதங்களுக்கு மட்டும் எடுப்பவர்களுக்கு ஒரு காலாண்டு போதும். விரும்பிய படங்களையும் அந்த மூன்று மாதங்களுக்குள் தள்ளி வைத்துப் பார்த்துவிடலாம். இந்த விலைகள் அவ்வப்போது மாறும் என்பதால், கட்டும் நாளில் உள்ள விலையை வைத்து இதே வகுத்தலைச் செய்து பாருங்கள்.

நெட்பிளிக்ஸ் 2016 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தது. 2021 டிசம்பரில் விலையைக் குறைத்து, கைப்பேசித் திட்டம் 149, பேசிக் 199, ஸ்டாண்டர்டு 499, பிரீமியம் 649 ரூபாய் என்று வைத்தது. எல்லாமே மாதத் திட்டங்கள் என்பதால், வேண்டாத மாதத்தில் நிறுத்துவதில் எந்த நட்டமும் இல்லை. கைப்பேசித் திட்டத்தில் டிவி கிடையாது. பேசிக் திட்டம் 720பி தரத்தில் ஒரு நேரத்தில் ஒரு திரையில் மட்டும் ஓடும், ஸ்டாண்டர்டு அதைவிடத் தெளிவான 1080பி. நம் வீடுகளில் உள்ள 32 அங்குல டிவிகளில் பல ‘எச்டி ரெடி’ வகையைச் சேர்ந்தவை. அவற்றால் 1080பி படத்தை அதன் முழுத் தெளிவோடு காட்ட முடியாது. அத்தகைய டிவிக்கு 499 ரூபாய்த் திட்டம் வாங்கினால் மாதம் 300 ரூபாய் வீண். டிவியின் பெட்டியிலோ அமைப்புப் பக்கத்திலோ ‘1366 x 768’ என்று இருந்தால் பேசிக் திட்டமே போதும். கடவுச்சொல்லைத் தங்கைக்கும் நண்பருக்கும் கொடுத்துச் செலவைப் பங்கிடும் வழக்கத்தை 2023 ஜூலை முதல் நெட்பிளிக்ஸ் இந்தியாவிலும் தடுத்துவிட்டது. ஒரே வீட்டில் இருப்பவர்கள் மட்டுமே ஒரு கணக்கைப் பகிரலாம்.

பல ஓடிடிகளை ஒரே கட்டணத்தில் தரும் தொகுப்புகளும் உண்டு. டாட்டா பிளே பிஞ்ச், ஏர்டெல் எக்ஸ்ட்ரீம் பிளே ஆகியவை அத்தகையவை. இருபது சேவைகள் என்ற எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் பட்டியலில் உள்ள படங்கள் அதில் எத்தனை சேவைகளில் இருக்கின்றன என்று பாருங்கள். இரண்டு சேவைகள் உண்மையில் பயன்பட்டு, அவற்றின் தனிக் கட்டணங்களைக் கூட்டினால் தொகுப்பைவிட அதிகமாகிறது என்றால் எடுக்கலாம்.

இணையத்துக்கு ஆகும் செலவு

பிராட்பேண்ட் இருக்கும் வீட்டில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கைப்பேசி டேட்டாவை நம்பியிருப்பவர்கள் கவனிக்க வேண்டும். நெட்பிளிக்ஸ் தரும் விவரப்படி எஸ்டி தரத்துக்கு மணிக்கு 1 ஜிபி வரையிலும், எச்டிக்கு 3 ஜிபி வரையிலும், 4கே தரத்துக்கு 7 ஜிபி வரையிலும் செலவாகும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்தை எச்டியில் பார்த்தால் 7.5 ஜிபி வரை போகலாம், நாளொன்றுக்கு 1.5 அல்லது 2 ஜிபி தரும் திட்டத்தில் இடைவேளை வருவதற்குள் டேட்டா தீர்ந்துவிடும். அதன்பின் போடும் டேட்டா பூஸ்டரின் விலையையும் வாடகையோடு கூட்டினால்தான் உண்மையான செலவு தெரியும்.

இதற்கு எளிய வழி பதிவிறக்கம். சந்தாவில் உள்ள படங்களையும், வாடகைக்கு எடுத்த பெரும்பாலான படங்களையும் கைப்பேசிச் செயலிக்குள் இறக்கி வைத்துக்கொள்ள முடியும். அன்றாட டேட்டா நள்ளிரவில் புதுப்பிக்கப்படுவதால், இரவு பதினொன்றரை மணிக்கு அன்றைய மிச்சத்தில் இறக்கத் தொடங்கி, பன்னிரண்டுக்குப் பின் புதிய நாளின் டேட்டாவில் முடிக்கலாம். தரத்தை நடுத்தரமாக வைத்தால் அளவு இன்னும் குறையும். இறக்கி வைப்பதால் மட்டும் 48 மணி நேரக் கணக்குத் தொடங்குவதில்லை, ஓடவிடும்போதுதான் தொடங்கும்.

வெளிநாட்டில் இருப்போருக்கு

இந்தியாவுக்கு வெளியே தமிழ்ப் படங்களின் உரிமை வேறு கைகளில் இருக்கும். இங்கே நெட்பிளிக்ஸில் உள்ள படம் அங்கே டென்ட்கொட்டாவிலோ சிம்ப்ளி சவுத்திலோ இருக்கலாம். சிம்ப்ளி சவுத் இந்தியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக மட்டுமே நடத்தப்படுகிறது. மாதம் ஒரு தமிழ்ப் படம் பார்ப்பவர்கள் தனிப்பட வாடகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே சந்தாவுக்குப் போக வேண்டும். அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளின் பொது நூலகங்கள் பலவற்றில் நூலக அட்டை வைத்திருப்பவர்கள் கனோபி சேவையில் படங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். தமிழ்ப் படங்கள் அதில் அரிது. உலகத் திரைப்படங்களைப் பார்ப்பவர்களுக்கு மிகவும் பயன்படும்.

தானாகக் கழியும் பணத்தை நிறுத்துதல்

மாதம் மாறி மாறிச் சந்தா எடுக்கும் முறை, நிறுத்த மறந்தால் பயனற்றுப் போகும். எனவே, சந்தா கட்டிய அன்றே அதை ரத்து செய்துவிடுங்கள். பெரும்பாலான சேவைகளில், ரத்து செய்தாலும் கட்டிய காலம் முடியும்வரை படம் பார்க்கலாம். செயலியில் ரத்து செய்வதோடு, யுபிஐ செயலியின் ‘ஆட்டோபே’ பகுதியைத் திறந்து அந்தச் சேவைக்குக் கொடுத்த அனுமதியையும் நீக்கிவிடலாம். ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் நடைமுறைப்படுத்திய விதியின்படி, தானாகக் கழியும் தொகைக்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வர வேண்டும். 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கப்படாது என்பதால், அந்தக் குறுஞ்செய்தி ஒன்றுதான் உங்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. வங்கியிலிருந்து வரும் செய்தி என்று தள்ளிவிடாமல் படியுங்கள்.

தனிப்பட வாடகையில் தவறான படத்துக்குப் பணம் கட்டிவிட்டால், அதை ஓடவிடாமல் உடனே பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கூகுளில் வாங்கிய படத்தைப் பார்க்கத் தொடங்காத நிலையில் ஏழு நாள்களுக்குள் திரும்பக் கேட்கலாம். படம் சரியாக ஓடவில்லை என்றால் திரையில் வந்த பிழைச் செய்தியைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, வாடகைக் காலம் முடிவதற்கு முன்பே உதவிப் பக்கத்தில் புகாரைப் பதிவு செய்ய வேண்டும்.